980 தகடும் அம்பத்தூர் பிரஸ்ஸும்

(அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சிறுதொழில் முனைவோர், டூல் ரூம் பணியாளர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை. அச்சுக்காகச் சில இடங்களில் சுருக்கப்பட்டுள்ளது.)



உங்கள் கைக்கு வரும் டிராயிங்குகளில் இப்போது சில எண்கள் அடிக்கடி தென்படுகின்றன. 440, 590, 780, 980, 1180. "600 என்று முழுசாகப் போடாமல் ஏன் சார் 590 என்று போடுகிறார்கள்?" என்று ஒரு மாணவர் சற்று முன்னால் கேட்டார். ஜப்பான்காரர்கள் முதலில் கிலோவில்தான் கணக்குப் போட்டார்கள். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 45 கிலோ தாங்கும் தகடு, 60 கிலோ தாங்கும் தகடு, 80, 100, 120 என்று தரம் பிரித்தார்கள். பிறகு உலகம் மெகாபாஸ்கலுக்கு மாறியதும் எல்லாவற்றையும் 9.8ஆல் பெருக்கினார்கள். 60 கிலோ 590 ஆயிற்று. 100 கிலோ 980 ஆயிற்று. ஆகவே 980 என்று பார்த்தால் இப்படி நினைத்துக்கொள்ளுங்கள்: ஒரே ஒரு சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள கம்பி, அதில் நூறு கிலோ எடையுள்ள ஆள் தொங்குகிறார், கம்பி அறுந்துபோகவில்லை.

எஃகைப் பற்றித் தமிழில் பேச வருபவர் பழங்காலத்தில் எஃகு உருக்கிய கொடுமணலில் தொடங்க வேண்டும் என்று ஓர் எழுதாத சட்டம் இருக்கிறது. நான் அங்கே போகவில்லை. பெருமை குறைவு என்பதால் அல்ல. நம் முன்னோர் மூசையில் உருக்கிய எஃகில் 1 முதல் 2 சதவீதம் வரை கரிமம் இருந்தது. வாளுக்கு அது பொருத்தம். இன்றைய காரின் உடலுக்குப் போகும் தகட்டில் கரிமம் 0.1 சதவீதம், மிஞ்சினால் 0.2. இவ்வளவு குறைந்த கரிமத்தை வைத்துக்கொண்டு அந்த நூறு கிலோ எங்கிருந்து வருகிறது என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் நம் ஊரைப் பற்றி ஒரு வார்த்தை. சென்னையின் மேற்குப் பக்கம் இரும்பால் வளர்ந்த பகுதி. அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் 1951இல் ஹெர்குலிஸ் மிதிவண்டியைத் தயாரிக்கத் தொடங்கியது. அந்த மிதிவண்டிக்குக் குழாய் வேண்டுமே, 1955இல் ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் வந்தது. 1960களில் பாடியில் லூகாஸ் டி.வி.எஸ்., பிரேக்ஸ் இந்தியா, வீல்ஸ் இந்தியா, சுந்தரம் ஃபாஸ்னர்ஸ். அவற்றுக்கு உதிரி செய்து கொடுக்க, அதே பத்தாண்டில் இந்தத் தொழிற்பேட்டை. இவற்றின் நடுவே ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் விஜயந்தா டாங்கி வெளியே வந்தது.

இந்தப் பட்டியலில் ஒரு பிளவு இருக்கிறது. டாங்கியின் கவசம் குரோமியம், நிக்கல், மாலிப்டினம் சேர்த்து, காய்ச்சிக் குளிர்த்து, மறுபடி பதம்போட்ட கனத்த எஃகு. சாலையின் இந்தப் பக்கம் நாமெல்லாம் அரை நூற்றாண்டாக வெட்டியதும் வளைத்ததும் எம்.எஸ். (மைல்ட் ஸ்டீல்) தகடு. எம்.எஸ். ஒரு சாது. எப்படி வளைத்தாலும் வளையும், எப்படித் தட்டினாலும் உட்காரும். சரியில்லாத டையில்கூட அது ஒருவிதமாக வேலை செய்து கொடுத்துவிடும். நம் டூல் ரூம்களின் கைப்பழக்கம் முழுவதும் அந்தச் சாதுவோடு பழகி வந்தது. இப்போது கடினமான எஃகு சாலையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஆனால் அது டாங்கி எஃகு அல்ல, அதற்கு நேர் எதிரான குணமும் சேர்ந்தது. டாங்கிக் கவசம் நசுங்கவே கூடாது. கார் நசுங்கியே ஆக வேண்டும். எங்கே நசுங்க வேண்டும், எங்கே நசுங்கவே கூடாது என்பதில்தான் எல்லாம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1,200 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதுகிறது. அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 145 கிலோஜூல். அதே காரை 12 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்காவது மாடியிலிருந்து, கீழே போட்டதற்குச் சமம். முன்பக்கம் 60 சென்டிமீட்டர் நசுங்கி வண்டி நிற்கிறது என்றால், சராசரி விசை 25 டன், நேரம் ஒரு வினாடியில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இல்லை. அதற்குள் முன்பக்க ரெயில்கள் துருத்தி போல மடிந்து மடிந்து அந்த ஆற்றலைத் தின்றுவிட வேண்டும். மடியாமல் விறைத்துக்கொண்டு நின்றால் அதிர்ச்சி உள்ளே இருப்பவரின் மார்புக்கூட்டுக்குப் போகும். முன்பக்கம் மடிகிறபோது, கதவுக்கும் கதவுக்கும் நடுவில் நிற்கும் பி-பில்லர், கூரைச் சட்டம், காலடிப் படி ஆகியவை அசையக் கூடாது. அசைந்தால் மனிதர் உட்காரும் இடம் சுருங்கும்.

அந்த 56 கிலோமீட்டர் நானாகச் சொன்ன எண் அல்ல. புதிய மாடல்களுக்கு 2017 அக்டோபரிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்தவற்றுக்கு 2019 அக்டோபரிலும் நம் நாட்டில் கட்டாயமான முன்மோதல் சோதனையின் வேகம் அது. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் மதிப்பீட்டில் வேகம் 64. எட்டுதானே கூடியிருக்கிறது என்று தோன்றும். ஆற்றல் வேகத்தின் இருமடியாக ஏறும் என்பதால் சுமை 30 சதவீதம் கூடுகிறது. 2014இல் குளோபல் என்கேப் என்ற அமைப்பு இந்தியாவில் விற்ற சில பிரபலமான சிறு கார்களை இந்த வேகத்தில் மோதிப் பார்த்து, ஒரு நட்சத்திரம்கூடத் தராமல் அனுப்பியது. டிராயிங்கில் 440 இருந்த இடத்தில் 780 வந்ததற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது. எரிபொருள் சிக்கனமும் ஒரு காரணம்தான். அதே பலத்தை மெல்லிய தகட்டில் பெற்றால் வண்டி இலகுவாகும்.

இனி உள்ளே போவோம். இரும்பு வினோதமான உலோகம். 912 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதன் அணுக்கள் ஒருவிதமாக அடுக்கப்பட்டிருக்கும், மேலே போனால் வேறுவிதமாக. கீழே இருப்பது ஃபெர்ரைட், மேலே இருப்பது ஆஸ்டினைட். ஃபெர்ரைட்டுக்குக் கரிமம் பிடிக்காது, நூற்றில் 0.02 பங்குக்கு மேல் உள்ளே விடாது. ஆஸ்டினைட் தாராளமானது, 2 சதவீதம் வரை கரைத்துக்கொள்ளும். ஆஸ்டினைட்டை மெதுவாகக் குளிரவிட்டால் கரிமம் நிதானமாக வெளியேறி, ஃபெர்ரைட்டும் பெர்லைட்டும் ஆகும். சடாரென்று குளிர்த்தால் கரிமத்துக்கு வெளியேற நேரமில்லை. அணுக்கள் அடுக்கு மாற முயலும்போது உள்ளே சிக்கிய கரிமம் அடுக்கைக் கோணலாக்கிவிடும். அந்தக் கோணல்தான் மார்டென்சைட். அடோல்ஃப் மார்டென்ஸ் என்ற ஜெர்மானியப் பொறியாளரின் பெயர் அது. உளியின் முனையில் இருப்பது அதுதான், உங்கள் துளையிடும் பஞ்சில் இருப்பது அதுதான், டாங்கிக் கவசத்தில் பதம்போட்ட நிலையில் இருப்பதும் அதுதான். வலிமையானது, ஆனால் தனியாக விட்டால் வளையாது.

1970களில், எண்ணெய் நெருக்கடி வந்து எடையைக் குறைத்தே தீர வேண்டும் என்ற நிலையில், ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ஒரு யோசனை வேலை செய்தது. தகட்டை முழுதாக ஆஸ்டினைட் ஆகும் அளவுக்குச் சூடாக்காதே, பாதி வழியில் நிறுத்து. கரிமம் சேர்ந்திருந்தால் இந்த மாற்றம் 912க்குக் கீழேயே தொடங்கிவிடும்; ஏறத்தாழ 780 டிகிரியில் பெரும்பகுதி ஃபெர்ரைட்டாகவே இருக்கும், ஐந்தில் ஒரு பங்கு மட்டும் ஆஸ்டினைட் ஆகும். ஃபெர்ரைட்டில் இடமில்லாத கரிமம் எல்லாம் எங்கே போகும்? அந்த ஐந்தில் ஒரு பங்குக்குள் போய் நெருக்கியடித்து உட்காரும். தகட்டின் சராசரி 0.1 சதவீதம், அந்தச் சிறு பகுதிக்குள் மட்டும் 0.4க்கு மேல். இப்போது சடாரென்று குளிர்த்தால் அந்தப் பகுதிகள் மட்டும் மார்டென்சைட் ஆகும். மென்மையான ஃபெர்ரைட்டுக்கு நடுவே மைக்ரான் அளவில் கடினமான துகள்கள். இதுதான் டூயல் ஃபேஸ் எஃகு, டிராயிங்கில் டி.பி. என்று போட்டிருப்பார்கள். ஆலையில் ஓடிக்கொண்டிருக்கும் சுருளில் இந்தக் காய்ச்சலும் குளிர்ச்சியும் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன.

ரவா கேசரியில் முந்திரி கிடக்கிறது என்று வையுங்கள். மேலிருந்து அழுத்தினால் முந்திரி நசுங்குவதில்லை. கேசரிதான் முந்திரியைச் சுற்றி நகர்ந்து இடம் கொடுக்கிறது. டி.பி. தகட்டை இழுத்தாலும் அப்படித்தான், நீட்சி முழுவதையும் ஃபெர்ரைட் ஏற்கிறது, சுமையின் பெரும்பங்கை மார்டென்சைட் ஏற்கிறது. இன்னொரு நுட்பமும் உண்டு. மார்டென்சைட் உருவாகும்போது சற்றே பருக்கிறது. பருத்து, சுற்றியுள்ள ஃபெர்ரைட்டைத் தள்ளுகிறது. அந்தத் தள்ளலில் ஃபெர்ரைட்டின் அணு அடுக்கில் பிறக்கும் நகரும் பிறழ்வுகளால்தான் டி.பி. தகடு முதல் வளைவுக்குச் சட்டென்று இடம் கொடுக்கிறது. ஆகவே 590 தகடு 350 அளவிலேயே வளையத் தொடங்கும். வளைய வளைய வேகமாக இறுகும். பிரஸ்ஸுக்குள் போகும்போது இளக்கம், வெளியே வரும்போது இறுக்கம். பிறகு பெயின்ட் அடுப்பில் 170 டிகிரியில் இருபது நிமிடம் இருக்கும்போது மிச்சமிருக்கும் கரிம அணுக்கள் அந்தப் பிறழ்வுகளைப் பிடித்துக்கொள்ள, இன்னும் கொஞ்சம் இறுகும். பெயின்ட் காய்வதற்காக வைத்த சூடு எஃகுக்கும் இலவசமாக ஒரு பதம் போட்டுக் கொடுக்கிறது. உலோகவியலில் இதைவிட அழகான ஏற்பாடு எனக்குத் தெரிந்து குறைவு.

மற்ற வகைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். டிரிப் எஃகில் கொஞ்சம் ஆஸ்டினைட்டைக் குளிர்ந்த பிறகும் மாறாமல் பிடித்து வைப்பார்கள். தகடு நீளும்போது, எங்கே அதிகமாக நீள்கிறதோ அங்கே அது மார்டென்சைட் ஆகி, அந்த இடத்தைத் தானே பலப்படுத்தும். 1967இல் பெர்க்லியில் ஸாக்கேயும் அவர் குழுவினரும் காட்டிய விளைவு இது. ட்விப் எஃகு இன்னும் ஆச்சரியம். 15 சதவீதத்துக்கு மேல் மாங்கனீசு, 1000 மெகாபாஸ்கல் வலிமையோடு 50 சதவீத நீட்சி. ஆய்வுக் கட்டுரைகளில் அது ராஜா, சந்தையில் அதற்கு இடம் கிடைக்கவில்லை. விலை அதிகம், உருக்குவது கஷ்டம், அழுத்திய பிறகு நாள் கழித்து வெடிக்கும் தொல்லை வேறு. மூன்றாம் தலைமுறை என்று இப்போது பேசப்படுபவை இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. உங்கள் பட்டறைக்கு நாளையே வரப்போவது அவை அல்ல, டி.பி.தான்.

ஹாட் ஸ்டாம்பிங் மட்டும் வேறு கதை, அதில் கொஞ்சம் நிற்க வேண்டும். ஸ்வீடனின் லூலியா நகரத்து ஆலையில் 1970களில் பிறந்த முறை அது. புல்வெட்டும் கத்திக்கும் ரம்பத்துக்கும் பயன்பட்டு, 1984இல் சாப் 9000 காரில் ஏறியது. மாங்கனீசோடு நூற்றில் 0.005 பங்குக்கு மேல் போகாத போரான் சேர்ந்த தகட்டை 900 டிகிரிக்கு மேல் பழுக்கக் காய்ச்சி, தண்ணீர் ஓடும் டையில் வைத்து அழுத்துகிறார்கள். டை வடிவமும் கொடுக்கிறது, வினாடிக்கு 27 டிகிரிக்குக் குறையாமல் குளிரவும் வைக்கிறது. உள்ளே போனபோது 600, வெளியே வரும்போது 1500. சூட்டில் அழுத்துவதால் ஸ்பிரிங் பேக், அதாவது டையிலிருந்து எடுத்ததும் தகடு திரும்புவது, கிட்டத்தட்ட இல்லை. பி-பில்லர் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கிறது. இதில் ஒரு தந்திரம் செய்கிறார்கள். டையின் கீழ்ப்பகுதியை மட்டும் சூடாகவே வைத்தால் பில்லரின் அடிப்பகுதி மார்டென்சைட் ஆகாமல் இளகலாக நிற்கும். பக்கவாட்டில் மோதினால் அடிப்பகுதி மடிந்து கொடுக்கும், தலையும் மார்பும் இருக்கும் மேல்பகுதி நிமிர்ந்து நிற்கும். ஒரே தகடு, ஒரே இரசாயனம், ஆளின் உடலமைப்பைப் பார்த்து இரண்டு குணம்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையை உடைக்க வேண்டும். வலிமை கூடினால் விறைப்பும் கூடும் என்று நினைக்கிறோம். கூடாது. எம்.எஸ். ஆனாலும் 1500 ஆனாலும் எஃகின் மீள்தன்மைக் குணகம் 2,10,000 மெகாபாஸ்கலைச் சுற்றியேதான். 1.6 மில்லிமீட்டர் தகட்டை 1.2 ஆகக் குறைத்தால் தட்டையான பரப்பின் வளைவு விறைப்பு பாதிக்கும் கீழே இறங்கிவிடும், எந்த கிரேடு போட்டாலும் சரி. அதனால்தான் வலிமையான தகடு வந்த இடத்தில் மேடும் பள்ளமுமாக ரிப்புகளும் வருகின்றன. அந்த ரிப்பை அழுத்த வேண்டியவர் நீங்கள்.

இனி உங்கள் தளத்துக்கு வருவோம். 400 மில்லிமீட்டர் சுற்றளவுள்ள ஒரு பிளாங்க் வெட்ட வேண்டும். எம்.எஸ்., 1.6 மில்லிமீட்டர்: ஏறத்தாழ 17 டன் போதும். அதையே 980இல், தகட்டை 1.2 ஆகக் குறைத்துக் கேட்கிறார்கள். தகடு மெலிந்ததே என்று பழைய பிரஸ்ஸில் போட்டால், வேண்டிய விசை 35 டன்னை நெருங்கும். இதுகூடப் பெரிதல்ல, 50 டன் பவர் பிரஸ் எல்லோரிடமும் இருக்கிறது. ஆபத்து வெட்டு முடியும் நொடியில். எம்.எஸ். மெதுவாகக் கிழிந்து விடுபடும். 980 பட்டென்று விடும். அதுவரை விரிந்து நின்ற பிரஸ்ஸின் உடல் அப்போது எதிர்ப்பக்கம் உதைக்கும், பெரிய எதிர் உதைக்குப் பிரஸ்கள் வடிவமைக்கப்படுவதில்லை. "சத்தம் மாறிடுச்சு சார்" என்று ஆபரேட்டர் சொன்னால் அவரை அலட்சியப்படுத்தாதீர்கள். பஞ்சுகளின் உயரத்தை ஒன்றுக்கொன்று மாற்றி வைப்பது, பஞ்சு முகத்தில் சரிவு கொடுப்பது, இந்த இரண்டுமே அந்த உதையைப் பெரிதும் தணிக்கும்.

அடுத்தது ஸ்பிரிங் பேக். டையிலிருந்து எடுத்ததும் தகடு எவ்வளவு திரும்பும் என்பது அது வளையத் தொடங்கும் வலிமைக்கு நேர் விகிதம், தடிமனுக்கு எதிர் விகிதம். 180 அளவில் வளையும் 1.6 எம்.எஸ்.ஸையும் 600 அளவில் வளையும் 1.2 டி.பி.யையும் ஒப்பிட்டால் திருப்பம் நான்கு மடங்குக்கு மேல். பழைய டையில் இரண்டு டிகிரி கூடுதலாக வளைத்துச் சமாளித்த அனுபவம் இங்கே செல்லாது. அதோடு பக்கச் சுவர் சுருள்வதும், பாகம் முழுதும் முறுக்கிக்கொள்வதும் சேர்ந்து வரும். கணினியில் முன்கூட்டிப் பார்ப்பது இப்போது ஆடம்பரமல்ல. ஆனால் அந்த மென்பொருளுக்கு நீங்கள் கொடுக்கும் பொருள் தரவு சரியாக இல்லையென்றால் அது வண்ணப்படம் மட்டுமே காட்டும்.

மூன்றாவதுதான் இன்று நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. இந்தப் பேட்டையில் பிரஸ் ஷாப் நடத்தும் நண்பர் ஒருவர் ஒரு பையில் நாலைந்து பிராக்கெட்டுகளைப் போட்டு எடுத்துக்கொண்டு எங்கள் உலோகவியல் துறைக்கு வந்தார். 780 டி.பி. துளை போட்டு, துளையைச் சுற்றிக் காலர் எழுப்பும் வேலை.

"போன காயில் முழுக்க ஒரு பீஸ்கூட ரிஜெக்ட் இல்ல சார். இந்தக் காயில் போட்டதிலிருந்து காலர் கிழியுது. டையும் அதே டை, ஆளும் அதே ஆளு."

"சர்டிபிகேட் பார்த்தீங்களா?"

"ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாச்சு சார். இழுவலிமை, ஈல்டு, நீட்சி, கெமிஸ்ட்ரி எல்லாம் ஒண்ணுதான். சப்ளையர்கிட்ட எதைச் சொல்லிச் சண்டை போடறது?"

இரண்டு காயிலிலும் ஒரு துண்டு வெட்டி, பேக்கலைட் தூளில் பதித்து, எமரி தாளில் தேய்த்துப் பளபளப்பாக்கி, ஆல்கஹாலில் இரண்டு சதவீதம் நைட்ரிக் அமிலம் கலந்த நைட்டாலில் சில வினாடி காட்டி, ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தோம். முதல் காயிலில் மார்டென்சைட் துகள்கள் பரவலாகச் சிதறிக் கிடந்தன. இரண்டாவதில் அதே அளவு மார்டென்சைட், ஆனால் தகடு உருட்டிய திசையில் வரிசை வரிசையாக நீண்ட கோடுகள். வார்ப்பு உறையும்போது மாங்கனீசு சில அடுக்குகளில் தங்கிவிட்டால் இப்படி வரும். இழுவைச் சோதனைக்கு இந்த வித்தியாசம் தெரியாது, ஏனென்றால் அது முழுத் தகட்டின் சராசரியைக் கேட்கிறது. காலர் எழுப்பும்போது முழுத் தகடும் பேசுவதில்லை. வெட்டுப்பட்ட விளிம்பு மட்டும் பேசுகிறது. வெட்டிய இடத்தில் ஃபெர்ரைட்டுக்கும் மார்டென்சைட்டுக்கும் நடுவே ஏற்கெனவே சின்னச் சின்னப் பிளவுகள் விழுந்திருக்கும். விளிம்பை விரித்தால் அவை ஒன்றோடொன்று சேர வேண்டும். சிதறிய துகள்களில் ஒன்றிலிருந்து அடுத்ததற்குப் போக வழி சுற்று. கோடாக இருந்தால் நேர்வழி.

நண்பர் பக்கம் குறை இல்லை என்றும் சொல்ல முடியாது. பஞ்சு மழுங்கியிருந்தது. பஞ்சுக்கும் டைக்கும் இடையிலான கிளியரன்ஸ் எம்.எஸ். வழக்கப்படி தடிமனில் எட்டு சதவீதத்துக்கு வைக்கப்பட்டிருந்தது. 780க்குப் பன்னிரண்டு, பதினைந்து வரை போகலாம். பர் வெளிப்பக்கமாக நின்றது. காலர் எழுப்பும் பஞ்சின் பக்கமாக, அதாவது உள்பக்கமாக, பர் இருக்கும்படி பிளாங்கைப் புரட்டிப் போட்டாலே பாதிப் பிரச்சினை குறையும், ஏனென்றால் வெளிப்பக்கம்தான் அதிகம் நீள்கிறது. நல்ல காயில் இந்தக் குறைகளையெல்லாம் பொறுத்துக்கொண்டது. கோடு விழுந்த காயில் பொறுக்கவில்லை.

இதற்கென்றே ஒரு சோதனை இருக்கிறது. 10 மில்லிமீட்டர் துளை போட்டு, 60 டிகிரி கூம்பை உள்ளே தள்ளி, விளிம்பு பிளக்கும் வரை எத்தனை சதவீதம் விரிந்தது என்று அளப்பது. ஐ.எஸ்.ஓ. 16630. ஒரே வலிமை, ஒரே தடிமன் உள்ள இரண்டு தகடுகள் இதில் ஒன்றுக்கொன்று இரண்டு மடங்கு வித்தியாசம் காட்டலாம். ஃபெர்ரைட்டும், மார்டென்சைட்டைவிடக் கடினம் குறைந்த பெய்னைட்டும் கலந்த எஃகில் கடினமான பகுதிக்கும் மென்மையான பகுதிக்கும் இடைவெளி குறைவு, அதனால் விளிம்பு நன்றாக விரியும், ஆனால் மொத்த நீட்சியில் டி.பி.யை எட்டாது. ஆழமாக இழுக்கும் பாகத்துக்கு டி.பி., காலரும் விளிம்பும் மிகுந்த பாகத்துக்குப் பெய்னைட் கலந்தது என்று டிசைன் செய்பவர் பிரித்திருக்க வேண்டும். பிரிக்காமல் 780 என்று மட்டும் போட்டு அனுப்பினால், கேள்வி கேட்கும் உரிமை வாங்குபவருக்கு மட்டுமல்ல, அழுத்துபவருக்கும் உண்டு. ஜாப் ஒர்க் செய்பவர் கேட்க மாட்டார் என்ற நினைப்பில்தான் பல டிராயிங்குகள் இப்படி வருகின்றன. காட்டமாகச் சொல்கிறேன் என்றால் மன்னியுங்கள், இருந்தாலும் உண்மை அதுதான்.

பிளேட்டிங் ஷாப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. 1000 மெகாபாஸ்கலைத் தாண்டிய எஃகுக்கு ஹைட்ரஜன் எமன். அமிலத்தில் முக்கும்போதும் மின்முலாம் பூசும்போதும் உள்ளே புகும் ஹைட்ரஜன், பாகம் சுமையில் நிற்கத் தொடங்கி ஒரு நாளோ இரண்டு நாளோ கழித்து அதை உடைக்கும். 10.9 கிரேடு போல்ட்டுகளில் நீங்கள் ஏற்கெனவே கண்ட சங்கதி. முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி வாக்கில் அடுப்பில் வைத்து ஹைட்ரஜனை விரட்டுகிறீர்கள். 1180 பிராக்கெட் வந்தாலும் அதே ஜாக்கிரதை வேண்டும். போல்ட் என்றால் அடுப்பு உண்டு, தகடு என்றால் இல்லை என்ற வேறுபாடு ஹைட்ரஜனுக்குத் தெரியாது.

பூந்தமல்லி நெடுஞ்சாலையோரம் டிங்கரிங் பட்டறை நடத்தும் அன்பர்கள் இந்த அவையில் இருக்கிறார்களா தெரியவில்லை. இல்லாவிட்டால் இருப்பவர்கள் போய்ச் சொல்லுங்கள். விபத்தில் கோணிய பி-பில்லரை கேஸ் வைத்துப் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தக் கூடாது. நிமிர்ந்துவிடும், அழகாகவே நிமிரும், பட்டி போட்டுப் பெயின்ட் அடித்தால் புதுசு போலிருக்கும். ஆனால் காய்ச்சிய இடத்தில் மார்டென்சைட் கரைந்து போயிருக்கும், 1500 பாதி அளவுக்குக்கூட இறங்கிவிடலாம். அடுத்த விபத்தில் அந்த பில்லர் முதல் ஆளாக மடியும். இந்தப் பாகத்தைத் தயாரிப்பாளர் சொன்ன இடத்தில் வெட்டி மாற்ற வேண்டும், வேறு வழியில்லை. பழைய அம்பாசடருக்குச் சரியாக இருந்த கைத்திறன் இன்றைய காருக்குக் கெடுதல் என்று சொல்ல எனக்கே வருத்தமாகத்தான் இருக்கிறது.

கார் வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். "65 சதவீதம் உயர் வலிமை எஃகு" என்று விளம்பரம் வந்தால் அப்படியே விழுந்துவிடாதீர்கள். 210 மெகாபாஸ்கலில் வளையத் தொடங்கும் தகட்டையும் உயர் வலிமை என்ற பெட்டியில் போடலாம், வழக்கில் அதற்கு இடம் இருக்கிறது. எத்தனை சதவீதம் என்பதைவிட எந்த இடத்தில் எந்த கிரேடு என்று கேளுங்கள். அதற்குப் பதில் சொல்ல விற்பனையாளர் தடுமாறினால், மோதல் சோதனை மதிப்பெண்ணைப் பாருங்கள். ஒரகடத்தில் இருக்கும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையத்தில் மோதல் சோதனைக் கூடமே இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இழுவைச் சோதனை இயந்திரம் நம் பகுதியில் பஞ்சமில்லை. கிண்டியில் சிறுதொழில்களுக்கான அரசுப் பரிசோதனை மையமும் உண்டு. குறைவாக இருப்பது நுண்ணோக்கியில் தகட்டைப் பார்க்கும் பழக்கம். அதற்கான கருவி ஒரு நல்ல பஞ்சு டை செட்டின் விலைக்குள் வரும். பத்துப் பட்டறைகள் சேர்ந்தால் ஒன்று வாங்கலாம். தேய்த்துப் பளபளப்பாக்கி நைட்டால் காட்டும் வேலையைப் பாலிடெக்னிக் மாணவர் ஒரு வாரத்தில் கற்றுக்கொள்வார். 780க்கு மேல் ஆர்டர் எடுக்கும்போது விரிவுச் சோதனை எண்ணையும் நுண்ணமைப்புப் படத்தையும் சர்டிபிகேட்டில் சேர்த்துக் கேளுங்கள். ஒருவர் கேட்டால் தர மாட்டார்கள், பேட்டை முழுவதும் கேட்டால் தருவார்கள்.

அதுவரைக்கும் ஒன்று செய்யுங்கள். ஒவ்வொரு காயிலிலிருந்தும் உள்ளங்கை அளவு ஒரு துண்டு வெட்டி, காயில் எண்ணையும் உருட்டிய திசையையும் எழுதி, அலமாரியில் போட்டு வையுங்கள். கிழிந்த காலரை மட்டும் கொண்டு வந்தால் எங்களால் பாதிப் பதில்தான் சொல்ல முடியும்.